அப்போஸ்தலர் 27: “ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது” என்ற பிறகு “இவர்கள் கப்பலில் இராவிட்டால் தப்பமாட்டீர்கள்” ஏன்?

பாளை வாசகன்

வாலிபர் கூட்டத்தில் இந்த முறை அப்போஸ்தலர் 27 என் பங்குக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுப்பள்ளியில் கப்பல் படம் வரைந்த நாளிலிருந்து தெரிந்த கதைதான். ஆனால் பாடம் எடுக்கத் தயாராகும்போது ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

கைதியாகக் கப்பலில் ரோமாபுரிக்குப் போகிறார் பவுல். வழியில் புயல். பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, எல்லாரும் நம்பிக்கையை விட்டாயிற்று. அப்போது இரவில் தேவதூதன் வந்து, நீ இராயனுக்கு (ரோமப் பேரரசனுக்கு) முன்பாக நிற்கவேண்டும், உன்னோடு பயணம் செய்கிற எல்லாரையும் தேவன் உனக்குத் தந்திருக்கிறார் என்கிறான். பவுல் அதைக் கப்பலில் அறிவிக்கிறார்: “கப்பற்சேதமேயல்லாமல் உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது” (22). இதில் ‘ஆனால்’ என்று எதுவும் இல்லை.

ஒன்பது வசனம் தாண்டினால், மாலுமிகள் சிறிய படகில் ஏறி நழுவப் பார்க்கிறார்கள். உடனே பவுல், கைதிகளுக்குப் பொறுப்பான ரோமப் படை அதிகாரியாகிய நூற்றுக்கு அதிபதியிடம், “இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்” (31) என்கிறார்.

முதலில் சொன்னது நிபந்தனை இல்லாத வாக்கு என்றால் மாலுமிகள் ஓடினால் என்ன? நிபந்தனை உண்டு என்றால் 22-ல் ஏன் சொல்லவில்லை? எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள். “ஜெபம்பண்ணிட்டு விட்டுடலாமா, இல்ல ஜெபம் சும்மா ஆறுதலுக்கா” என்று நேராகவே கேட்பார்கள். மழுப்பினால் விடமாட்டார்கள்.

ஜெனீவாக்காரன்

தம்பி, சீர்திருத்தச் சபைகள் இதற்கு நானூறு வருஷத்துக்கு முன்பே பதில் எழுதிவைத்திருக்கின்றன. தேவன் முடிவை மட்டும் தீர்மானிப்பதில்லை, அந்த முடிவுக்குப் போகிற வழியையும் சேர்த்தே தீர்மானிக்கிறார். 276 பேரும் பிழைப்பார்கள் என்பது தீர்மானம். மாலுமிகள் கப்பலில் இருந்து வேலைசெய்து கரைசேர்ப்பார்கள் என்பதும், அவர்கள் ஓடப்பார்க்கும்போது பவுல் கண்டுபிடித்துச் சொல்வார் என்பதும் அதே தீர்மானத்துக்குள் அடக்கம். 1646-ல் முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இதைத்தான் ‘இரண்டாம் காரணங்கள்’ என்கிறது. தேவன் முதல் காரணம் என்பதால் காற்றும் கயிறும் மாலுமியும் பொம்மைகள் ஆகிவிடுவதில்லை.

எங்கள் சபைகளின் முன்னோடியான ஜெனீவா சீர்திருத்தவாதி கால்வினைப் படிக்காமலே திட்டுகிறவர்கள் அவருடைய பெரிய நூலின் முதல் புத்தகம், 17-ம் அதிகாரத்தைப் பார்க்கலாம். நம் ஆயுசுக்கு எல்லை குறித்தவரே அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நம்மிடம் கொடுத்தார், ஆபத்தை முன்கூட்டி அறியும் புத்தியையும் கொடுத்தார், ஆகவே கண்முன்னே இருக்கிற ஆபத்தில் தலையைக் கொடுக்காதே என்கிறார். விதியே என்று உட்காரச் சொன்னவர் எழுதுகிற எழுத்தா அது?

தோணித்துறை

நான் வேதபண்டிதன் இல்லை. சரக்குக் கப்பலில் செராங்காக (மாலுமிகளின் மேஸ்திரியாக) இருந்து ஓய்வுபெற்றவன், ஊர் தூத்துக்குடி. இந்த அதிகாரத்தைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் கப்பல் வேலையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அது தெரியாமல் 31-ம் வசனம் புரியாது.

27 முதல் 32 வரை நிதானமாகப் படியுங்கள். பதினாலாம் இரவு. நடுராத்திரியில் கரை கிட்ட வருவதாக மாலுமிகளுக்குத் தோன்றுகிறது. இருட்டில் கரை தெரிந்திருக்காது. பாறையில் அலை உடைகிற சத்தம் கேட்டிருக்கும். விழுதுவிட்டு (ஆழம் பார்க்கும் கயிறு) பார்க்கிறார்கள், இருபது பாகம். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. கொஞ்சம் போய்த் திரும்பப் பார்த்தால் பதினைந்து. அவ்வளவு சீக்கிரம் ஆழம் குறைந்தால் எவனுக்கும் வயிறு கலங்கும். உடனே பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போடுகிறார்கள். வழக்கமாக நங்கூரம் போவது முன்பக்கத்திலிருந்துதான். இங்கே பின்னால் போட்டதற்குக் காரணம், கப்பலின் மூக்கு கரையைப் பார்த்தபடியே நிற்கும், விடிந்ததும் அறுத்துவிட்டு நேராக ஓட்டிவிடலாம். நல்ல வேலைக்காரர்கள், சந்தேகமே இல்லை.

அந்த நல்ல வேலைக்காரர்கள்தான் அடுத்த வசனத்தில் முன்னணியத்திலும் நங்கூரம் போடப்போகிறோம் என்று பாவனைபண்ணிப் படவை, அதாவது அந்தச் சிறிய படகை, இறக்குகிறார்கள். இராணுவத்தானுக்கு அது தெரியாது, நம்பிவிடுவான். பவுல் ஏற்கெனவே கடலில் அடிபட்டவர், அதனால் கண்டுபிடித்தார்.

இனி 40-ம் வசனம். காலையில் என்ன செய்தார்கள்? நங்கூரங்களை அறுத்து, சுக்கான் கட்டுகளைத் தளர்த்தி, பாயைக் காற்றுமுகமாய் விரித்து, கரைக்கு நேராய் ஓடுகிறார்கள். இந்த மூன்று வேலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். சுக்கான் தளருமுன் நங்கூரத்தை அறுத்தால் கப்பல் திரும்பிவிடும், பக்கவாட்டில் அலை வாங்கிக் கவிழும். சேவகனும் கைதியும் சேர்ந்து இதைச் செய்யமுடியுமா? முடியாது. ஆகவே பவுல் 31-ல் சொன்னது தத்துவம் இல்லை. மாலுமி போனால் காலையில் கப்பலைக் கரையேற்ற ஆள் இல்லை. அவ்வளவுதான்.

எதிர்க்கேள்வி

தோணித்துறை ஐயா எழுதியது அருமை. ஆனால் அது விசுவாசி அல்லாத என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. மாலுமிகள் ஆழம் பார்த்தார்கள், நங்கூரம் போட்டார்கள், பாய் விரித்தார்கள், நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், தெரியாதவன் பலகையைப் பிடித்தான். எல்லா வேலையும் மனுஷன் செய்தது. இதில் தேவன் செய்தது எது?

ஜெனீவாக்காரன் சொல்வதுபோல் முடிவும் வழியும் அவருடையதே என்றால் எது நடந்தாலும் அது பொருந்தும். பிழைத்தால் கிருபை. மூழ்கினால் மனுஷன் தன் பங்கைச் செய்யவில்லை. தோற்கவே முடியாத வாதம் இது. அப்படிப்பட்ட வாதத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இன்னொன்று. 2 கொரிந்தியர் 11:25-ல் பவுல் தான் மூன்றுதரம் கப்பற்சேதத்தில் இருந்ததாகவும், ஒரு இராப்பகல் முழுவதும் கடலில் கிடந்ததாகவும் எழுதுகிறார். அந்தக் கடிதம் இந்தப் பயணத்துக்கு முந்தையது. அந்த மூன்று கப்பலிலும் தூதன் வந்ததாகச் செய்தி இல்லை. கூடப் போனவர்கள் என்ன ஆனார்கள்?

மகிமையின் பிள்ளை

எல்லாரும் வேலை, வேலை என்கிறீர்கள். வேதத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, சகோதரரே. இஸ்ரவேலின் தலைவனான கிதியோனிடம் யுத்தத்துக்கு 32,000 பேர் வந்தார்கள். அதிகம் என்றார் தேவன். பயந்தவர்கள் போக 10,000 பேர் நின்றார்கள். அதுவும் அதிகம் என்றார். கடைசியில் 300. ஏன் தெரியுமா? “என் கை என்னை இரட்சித்தது” என்று இஸ்ரவேல் மேட்டிமை பேசக்கூடாது என்று அங்கேயே சொல்லியிருக்கிறது (நியாயாதிபதிகள் 7:2). சகாயத்துக்காக எகிப்துக்குப் போய்க் குதிரைகளை நம்புகிறவர்களுக்கு ஐயோ என்கிறார் ஏசாயா (31:1). யாத்திராகமம் 14:14-ல் கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள் என்று இருக்கிறது. இதையெல்லாம் ‘இரண்டாம் காரணம்’ என்று நைசாக மூடிவிட முடியாது.

மனுஷனுக்குத் தன் திறமைமேல் இருக்கிற நம்பிக்கையை உடைப்பதற்காகவே தேவன் சில நேரம் கைகளைக் காலியாக்குகிறார். எங்கள் சபையில் நாங்கள் பார்த்த சாட்சி அது.

பூண்டிக்காரி

மகிமையின் பிள்ளைக்கு ஒரே ஒரு கேள்வி. 14:14-ஐ எல்லாரும் சட்டமிட்டு வீட்டில் மாட்டுகிறார்கள். அடுத்த வசனத்தை ஏன் யாரும் மாட்டுவதில்லை? மோசே “சும்மாயிருப்பீர்கள்” என்று முடித்த உடனே ஆண்டவர் கேட்கிறார்: நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போகும்படி மக்களுக்குச் சொல் என்கிறார். செங்கடல் இன்னும் பிளக்கவில்லை, கவனியுங்கள். பிளப்பதற்கு முன்னாலேயே நடக்கச் சொல்கிறார்.

மகிமையின் பிள்ளை

அதை மறுக்கவில்லை சகோதரி. நடந்தது அவர்கள், பிளந்தது அவர். நான் கேட்பது, அக்கரைக்குப் போனபின் யாரைப் பாடினார்கள் என்பதுதான்.

ஊர்க்குருவி

இவ்வளவு நீளமாக எழுதணுமா? “தனக்குத்தானே உதவுகிறவனுக்குத் தேவன் உதவுவார்” என்று பைபிளிலேயே இருக்கே.

பழைய பெட்டி

இல்லை. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை தேடிப்பாருங்கள், கிடைக்காது. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-க்கான தன் பஞ்சாங்கத்தில் போட்டுப் பரப்பிய வாசகம் அது, அவருக்கு முன்பே இங்கிலாந்தில் புழக்கத்தில் இருந்தது. கருத்து ஈசாப்பு கதை அளவுக்குப் பழையது. நம் ஊர்ப் பிரசங்க மேடைகளில் வசன எண் இல்லாமல் உலாவுகிறது. உண்மையில் சங்கீதம் 127 அதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது: கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா. அதற்காகக் கொத்தனாரை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை அந்தச் சங்கீதம். காவலாளனைத் தூங்கச் சொல்லவும் இல்லை.

பூண்டிக்காரி

பாளை வாசகன் கேட்டது பழைய சண்டை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமையில் பெலாஜியுஸ் என்ற துறவி இருந்தார். அவரைக் கொம்பு முளைத்த பதிதராக மட்டும் பார்க்கக்கூடாது. ரோமைக் கிறிஸ்தவர்கள் சொகுசாக வாழ்ந்துகொண்டு “நாங்கள் பலவீனர்கள், என்ன செய்ய” என்று சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. அப்போது புனித அகுஸ்தினாரின் ஒரு செபத்தை யாரோ அவர்முன் சொல்கிறார்கள். நீர் கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலைத் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும் என்பது அதன் சாரம். பெலாஜியுஸ் கொதித்துப்போனார். எல்லாவற்றையும் கடவுளே தந்தால் கட்டளை எதற்கு என்பது அவர் கட்சி. இதை அகுஸ்தினாரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. அதே அகுஸ்தினார் ஒரு மறையுரையில், உன்னைக் கேட்காமல் உன்னைப் படைத்தவர் உன் இசைவு இல்லாமல் உன்னை நீதிமானாக்கமாட்டார் என்கிறார். 529-ல் ஆரஞ்சு நகரத்தில் கூடிய சங்கம், நம்பிக்கையின் தொடக்கமே அருள்தான் என்றது. 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம், அந்த அருளுக்கு மனிதன் இசையவும் செய்கிறான், மறுக்கவும் முடியும் என்றது. கத்தோலிக்கர் செயலால் மீட்பை வாங்கப் பார்க்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஜெனீவாக்காரன்

“மறுக்கவும் முடியும்” என்ற இடத்தில்தான் எங்களுக்குப் பிரச்சனை. ரோமர் 9:16 என்ன சொல்கிறது? விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல...

பூண்டிக்காரி

அதே பவுல் 1 கொரிந்தியர் 9:24-ல் பந்தயத்தில் ஓடச் சொல்கிறாரே. ஓடுவது வீண் என்றால் அதை ஏன் எழுதினார்?

நெறியாளர்

இருவருக்கும் அன்போடு: முன்குறித்தல் (யார் மீட்கப்படுவார் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்தல்) பற்றிய தனி இழை ஏற்கெனவே நீளமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போய்த் தொடருங்கள். இங்கே கப்பலை விட்டு இறங்கவேண்டாம்.

வார்டு அக்கா

நான் இருபது வருஷத்துக்கு மேலாக நர்ஸாக இருக்கிறவள். இந்தக் கேள்வி எங்களுக்குப் புத்தகத்தில் வருவதில்லை, வார்டில் வரும்.

எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெரியப்பா. சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுகிறவர். குணமாக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்தார். சுகமாயிற்று என்று விசுவாசித்தால் ஊசி எதற்கு என்று மேடையில் சொன்னார்களாம், நிறுத்திவிட்டார். காலில் புண் வந்தும் யாரிடமும் சொல்லவில்லை. வாடை வந்தபிறகுதான் பெரியம்மா எனக்குப் போன் பண்ணினார். இரண்டு விரல் எடுத்தார்கள். அதற்குப் பிறகு பார்க்கவந்த அதே கூட்டத்தார், “ஐயாவுக்கு விசுவாசம் குறைஞ்சிருச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேடையில் பேசினவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார் என்பதையும் பெரியம்மா கவனித்திருக்கிறார்.

அவரிடம் மேடையில் காட்டிய வசனம் 2 நாளாகமம் 16:12. ஆசா ராஜாவுக்குக் காலில் வியாதி, அவன் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான் என்கிற இடம். காலில் புண் என்பதால் அப்படியே பொருந்திவிட்டது பாருங்கள். நான் அந்த வசனத்தோடு நிற்காமல் ஆசாவின் கதை முழுவதையும் வாசித்தேன். 14-ம் அதிகாரத்தில் இதே ஆசா கோட்டை கட்டுகிறான், அலங்கம் எழுப்புகிறான், 5,80,000 பேர் கொண்ட படை வைத்திருக்கிறான். எத்தியோப்பியனாகிய சேரா வரும்போது அந்தப் படையோடு புறப்பட்டுப் போய்ப் போர்க்களத்தில் நின்று, பலனற்றவனுக்கு உதவிசெய்வது உமக்கு லேசான காரியம் என்று ஜெபிக்கிறான். படை வைத்திருந்ததற்காக அவனை யாரும் கண்டிக்கவில்லை. 16-ல் என்ன ஆகிறது? ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்கு அனுப்பி உதவி வாங்குகிறான். அதைக் கேள்வி கேட்ட அனானியைக் காவலில் போடுகிறான். ஜனங்களில் சிலரைக் கொடுமைப்படுத்துகிறான். கடைசியில்தான் கால் வியாதி. யாரையும் கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிட்ட மனுஷனின் கடைசிப் பக்கம் அது. வைத்தியரிடம் போனது குற்றம் என்று அங்கே எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எசேக்கியாவைப் பாருங்கள், 2 இராஜாக்கள் 20. ஜெபித்தான், அழுதான், பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்ற வாக்கும் வந்தது. அதன்பிறகு ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் (கட்டியின்) மேல் பற்றுப்போட வைக்கிறார். அதே அதிகாரத்தில் ஆகாசின் சூரிய கடியாரத்தில் நிழலைப் பத்துப்பாகை பின்னுக்குத் திருப்புகிறவர், பிளவைக்குப் பற்றுப்போடச் சொல்கிறார்.

மகிமையின் பிள்ளை

அக்கா, நானும் பெந்தெகொஸ்தேக்காரன்தான், அதனால் சொல்கிறேன். ஊசியை நிறுத்தச் சொன்னது விசுவாசம் இல்லை. அது பிசாசு தேவாலயத்து உப்பரிகையில் நின்று இயேசுவிடம் சொன்ன யோசனை. குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று 91-ம் சங்கீதத்தைச் சரியாகத்தான் எடுத்துச் சொன்னான். “உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சைபாராதிருப்பாயாக” என்று இயேசுவிடமிருந்து பதில் வந்தது. குதித்துவிட்டு, தாங்கவில்லை என்றதும் விசுவாசம் குறைந்தது என்று பழிபோடுவது அதைவிட மோசம்.

நான் கிதியோனைச் சொன்னது பெருமைக்கு எதிராக. மருந்துக்கு எதிராக அல்ல.

எதிர்க்கேள்வி

வார்டு அக்காவின் பெரியப்பாவுக்கு நடந்ததுதான் நான் முதலில் சொன்னது. வெற்றி தேவனுக்கு, தோல்வி நோயாளிக்கு. இந்தக் கணக்கை வேதம் ஒப்புக்கொள்கிறதா இல்லையா, யாராவது நேராகச் சொல்லுங்கள்.

தோணித்துறை

அப்போஸ்தலர் 27-ஐ வைத்து என்னால் சொல்லமுடிந்தது இது.

ஒன்பதாம் வசனத்துக்குப் போங்கள். நோன்புநாளும் கழிந்துவிட்டது என்று இருக்கிறது. யூதருடைய அந்த நோன்பு செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் வரும். அதற்குமேல் அந்தக் கடலில் பயணம் ஆபத்து, பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். பவுல் சொல்கிறார், இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, உயிருக்கும் சேதம் வரும் என்று. நூற்றுக்கு அதிபதி கேட்கவில்லை. மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். அலெக்சந்திரியாக் கப்பல், கோதுமை ஏற்றியிருக்கிறது, ரோமாபுரிக்கு எகிப்துக் கோதுமை போகிற காலம். சீக்கிரம் போனால் காசு. துறைமுகமும் மழைக்காலம் தங்க வசதியில்லை. இதெல்லாம் எந்தக் கப்பலிலும் நடக்கிற பேச்சு.

புயல் அடித்து, எல்லாரும் சோர்ந்திருக்கும்போது தூதனின் செய்தியைச் சொல்ல எழும்பிய பவுல், வாயைத் திறந்ததும் முதலில் சொன்னது என்ன? என் சொல்லைக் கேட்டுக் கிரேத்தாவை விட்டுப் புறப்படாமல் இருந்திருக்கவேண்டும் என்பதுதான் (21). அப்புறம்தான் தைரியம் சொல்கிறார். அவர் பழியை யார்மேல் போட்டார்? முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தவர்கள்மேல். காற்றில் வாந்தியெடுத்துக்கொண்டு கீழே கிடந்த கைதிகளைப் பார்த்து உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லவில்லை. கப்பல் போனது, கோதுமை போனது, அது தவறான முடிவின் விலை. உயிர் மிஞ்சியது, அது வாக்கு. இரண்டையும் கலக்கவில்லை அவர்.

மூன்று கப்பற்சேதம் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடலில் ஆள் போவதை நானும் பார்த்திருக்கிறேன். ஜெபிக்கிற ஆள்தான்.

பழைய பெட்டி

கப்பல் பேச்சு வந்ததால் ஆங்கில மிஷனரி ஹட்சன் டெய்லரைப் பற்றி. 1853 செப்டம்பர் 19-ந்தேதி லிவர்பூலிலிருந்து ‘டம்ஃப்ரீஸ்’ என்ற பாய்க்கப்பலில் சீனாவுக்குப் புறப்படுகிறார். 21 வயது. போகும்போது மிதவைக் கச்சை ஒன்று எடுத்துப்போவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆழ்கடலுக்குப் போகுமுன்பே புயல், வேல்ஸ் கரைப் பாறைகளை நோக்கிக் கப்பல் ஒதுங்குகிறது. கச்சை கையில் இருக்கும்வரை நான் தேவனைமட்டும் நம்பவில்லையே என்று இளைஞருக்கு மனசாட்சி குத்துகிறது. எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மனசுக்குச் சமாதானம் வந்தது. அடுத்து என்ன செய்தார் தெரியுமா? கப்பல் மோதினால் மிதக்கக்கூடிய லேசான சாமான்களையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கட்டி வைத்தார்! இந்த முரண்பாடு அப்போது தனக்குத் தோன்றவே இல்லை என்று அவரே பிற்பாடு எழுதுகிறார். வழிவகைகளைப் பயன்படுத்துவது விசுவாசத்தைக் குறைக்கக்கூடாது, விசுவாசம் வழிவகைகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கவும் கூடாது என்பதே அந்தச் சம்பவத்தில் அவர் கண்டது. 1865-ல் சீனா உள்நாட்டு மிஷனைத் தொடங்கினவர், யாரிடமும் காசு கேட்கமாட்டேன் என்றிருந்தவர், அவரே சொல்கிறார் இதை.

எதிர்க்கேள்வி

காசு கேட்கமாட்டேன் என்றவர்கள் எல்லாரும் அறிக்கை மட்டும் அச்சடித்து அனுப்புவார்கள். பிரிஸ்டல் ஜார்ஜ் முல்லரும் அப்படித்தானே?

பழைய பெட்டி

அந்தக் கேள்வி அவர் காலத்திலேயே வந்தது, நியாயமான கேள்விதான். முல்லர் 1836-ல் வில்சன் தெருவில் அநாதை இல்லம் தொடங்கினார். தேவை என்று யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் ஆண்டறிக்கை வந்துகொண்டே இருந்தது. இது உறுத்தியதோ என்னவோ, 1841 கடைசியில் கையில் பணமே இல்லாத நேரம் பார்த்து, இப்போது அறிக்கை போட்டால் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று தள்ளிவைத்தார். எனக்கு அவரிடம் பிடித்தது ஜெபத்தைவிடக் கணக்குப் புத்தகம். வந்த ஒவ்வொரு காசுக்கும் பதிவு வைத்த மனுஷர். தேவன் தருகிறார் என்பதால் கணக்கு வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. இன்றைய ஊழியங்கள் பல இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

வார்டு அக்கா

எதிர்க்கேள்வி, நேராகச் சொல்லச் சொன்னீர்கள். ஒப்புக்கொள்ளவில்லை. யோவான் 9-ல் பிறவிக்குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அதைச் சொன்னவுடன் சேறுண்டாக்கிக் கண்ணில் பூசி, நீ போய்ச் சீலோவாம் குளத்தில் கழுவு என்கிறார். பழியை எடுத்துவிட்டு வேலையைக் கொடுக்கிறார். பெரியப்பாவிடம் நான் இந்த அதிகாரத்தைத்தான் வாசித்துக் காட்டினேன். இப்போது காலையும் இரவும் ஊசி போடுகிறார். ஜெபம்பண்ணிவிட்டுத்தான் போடுகிறார், அதை நான் கேலிசெய்யமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்பதை நம்மில் பலர் அடுத்தவனுக்குச் சொல்லத்தான் வைத்திருக்கிறோம். யாக்கோபு 2:16-ல் வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனிடம் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று அனுப்பிவிடுகிற ஆள் வருகிறான் அல்லவா, அவன்தான். “ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் சாப்பிடவுங்கூடாது” என்பதையும் அப்படியே அடுத்தவனுக்குத்தான் வைத்திருக்கிறோம். அதை எழுதின பவுல் அதற்கு முந்தின வசனங்களில் தான் இரவும் பகலும் உழைத்துச் சாப்பிட்டதைச் சொல்லிவிட்டுத்தான் அங்கே வருகிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற குடும்பத்திடம் எந்த வசனத்தை யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும், ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பாளை வாசகன்

எல்லாருக்கும் நன்றி. ஒரு இடத்தை நானே கவனித்தேன், சரியா என்று சொல்லுங்கள். வாக்கைப் பெற்றவர் பவுல் ஒருவர்தான். கப்பலில் அதிகம் சுறுசுறுப்பாக இருப்பவரும் அவர்தான். மாலுமிகளின் தந்திரத்தைக் கண்டுபிடிக்கிறார், பதினாலு நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்லித் தானே அப்பத்தைப் பிட்டு முதலில் சாப்பிடுகிறார், சாப்பிட்டால்தானே கரைக்கு நீந்தமுடியும். மெலித்தா தீவில் ஏறியபிறகும் 28:3-ல் நனைந்த உடம்போடு விறகு பொறுக்கி நெருப்பில் போடுகிறார். தூதன் பேசின ஆள் என்று ஓரமாக உட்காரவில்லை. வாக்கு அவரை வேலையிலிருந்து விடுவிக்கவில்லை, பயத்திலிருந்துதான் விடுவித்தது என்று பாடத்தில் சொல்லலாமா?

ஜெனீவாக்காரன்

தாராளமாகச் சொல்லலாம். பிலிப்பியர் 2:12-ஐயும் 13-ஐயும் பிரிக்காமல் சேர்த்து வாசிக்க வை. பிரயாசப்படுங்கள் என்று ஒன்று, ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்தது. நடுவில் இருப்பது ‘ஆனாலும்’ அல்ல, ‘ஏனெனில்’. பூண்டிக்காரி சகோதரியும் இதில் என்னோடு சண்டை போடமாட்டார் என்று நினைக்கிறேன்.

பூண்டிக்காரி

இந்த ஒன்றில் மட்டும்.

தோணித்துறை

தம்பி, விறகைச் சொன்னாய், பாம்பை விட்டுவிட்டாய். அந்த விறகிலிருந்துதான் விரியன் பாம்பு வந்து கையைக் கவ்வியது. தீவுக்காரர் முதலில் இவன் கொலைபாதகன், கடலுக்குத் தப்பியும் பழி விடவில்லை என்றார்கள். சாகவில்லை என்றதும் தேவன் என்றார்கள். பெரியப்பாவைப் பார்க்கவந்த கூட்டத்தார் அந்தத் தீவுக்காரர்களின் உறவுமுறையாக இருக்கவேண்டும். இதையும் பாடத்தில் சேர்.

எதிர்க்கேள்வி

பாடத்தில் 42-ம் வசனத்தையும் சேருங்கள். கைதிகள் நீந்தி ஓடிவிடாதபடி கொன்றுபோடலாம் என்று சேவகர் யோசிக்கிறார்கள். நூற்றுக்கு அதிபதி பவுலைக் காப்பாற்ற மனதாயிருந்ததால் தடுக்கிறான். தூதன் வாக்குக் கொடுத்த கப்பலில், கடைசி நிமிஷத்தில், 276 உயிரில் சில ஒரு ரோம இராணுவ அதிகாரியின் விருப்பத்தில் தொங்குகின்றன. இதை உங்கள் வாலிபர்கள் கண்டிப்பாகக் கேட்கவேண்டும். நான் விசுவாசி இல்லை, ஆனால் இதை மறைக்காமல் எழுதினவரை மதிக்கிறேன்.

பாளை வாசகன்

சேர்க்கிறேன். டிஎன்பிஎஸ்சிக்காரர்களுக்கு நீதிமொழிகள் 21:31 வைத்திருக்கிறேன், குதிரை யுத்தநாளுக்கு ஆயத்தமாக்கப்படும், ஜெயமோ கர்த்தரால் வரும். ஆயத்தமாக்காத குதிரையைப் பற்றி அந்த வசனம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். எந்தப் பாடம் எடுத்தாலும் பத்தாவது நிமிஷத்தில் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது யார் என்று எழும்பி நிற்பார். ஜெனீவாக்காரன் அண்ணே, ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போனை எடுங்கள்.

ஜெனீவாக்காரன்

யாத்திராகமம் 8:15-ல் பார்வோன் தானே கடினப்படுத்தினான், 9:12-ல் கர்த்தர் கடினப்படுத்தினார். இரண்டையும் வாசித்துக் காட்டி அவரையே கேட்டுவிடு. அஞ்சு மணிக்கு எனக்கும் கூட்டம் இருக்கிறது.